ஜனவரியில் ஓர் ஆறு, மீன் கடியே இல்லாத நாள்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கெண்டைக்கண்

இடம்: இங்கிலாந்தில் கிரேட் ஊஸ் ஆற்றின் மேல்பகுதி, நியூபோர்ட் பேக்னலுக்கும் பெட்ஃபோர்டுக்கும் நடுவே ஒரு கிளப் நீர் (மீன்பிடி கிளப்புக்கு உரிமையுள்ள ஆற்றுப் பகுதி). ஜனவரிக் கடைசி. தொடர்ந்து நாலு இரவு உறைபனி. தண்ணீர் காலையில் 3.9 டிகிரி, பிற்பகல் இரண்டு மணிக்கு 4.2. அதற்கு முந்தைய வாரம் இதே ஆறு 7க்கு மேல் இருந்தது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அடிமண் தெரிகிற தெளிவு. மட்டம் குறைவு, கிழக்குக் காற்று, மேகமே இல்லை.

கருவி: 12 அடி ஃபீடர் ராட் (தூண்டில் கழி), 6 பவுண்டு நரம்பு, 30 கிராம் கேஜ் ஃபீடர் (இரையை அடைத்து அடியில் இறக்கும் பாரமுள்ள கூண்டு), 16ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறியது) இரண்டு மாகட் (ஈப்புழு). ஃபீடரில் கிரவுண்ட்பெய்ட்டும் (மீனை இழுக்கும் தூள் இரை) மாகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு வீச்சு. செப்டம்பரில் பிரீம் மீன் கூட்டம் நிற்கிற அகலமான வளைவு. காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை, கடியைக் காட்டும் ராட் நுனி அசையவில்லை. பத்து மணி வரை நுனி வளையத்தில் பனி பிடித்து நரம்பு ஓடவே இல்லை.

"குளிர், அவ்வளவுதான்" என்று விட்டுவிட மனசு வரவில்லை. அதே ஆற்றில் அதே வாரம் சப் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் எதை மாற்றினால் கடி கிடைக்கும்?

---

குளிர்நீர்

முதலில் வெப்பநிலையைப் பார்ப்போம். பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

3.9 என்ற எண்ணை விட, 7இலிருந்து நாலே நாளில் அங்கே இறங்கியதுதான் பெரிய அடி. ஒரு வாரமாக 4இலேயே நிற்கிற ஆற்றில் சப் தின்னும். சடசடவென்று இறங்குகிற ஆற்றில் அதே சப் வாயைத் திறக்காது. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். செரிமானம் மந்தமாகும், அந்த மாற்றத்துக்குப் பழக அதற்கு நாள் வேண்டும்.

எந்த மீனைத் தேடுவது என்று நான் முடிவெடுக்கும் முறை இது. பார்பலுக்கு 8க்கு மேல் இருந்தால் நம்பிப் போகலாம். 6க்குக் கீழே அதைத் தேடுவது வீண். பிரீமும் ஏறக்குறைய அப்படியே, அதனால் உங்கள் வளைவு அன்றைக்குத் தொடங்கும்போதே செத்த இடம். ரோச் 5 வரை நன்றாக ஒத்துழைக்கும், அதற்குக் கீழே தண்ணீரில் கொஞ்சம் நிறம் வேண்டும். 4இல் மிஞ்சுவது சப், டேஸ். கிரேலிங் இருக்கிற ஆறாக இருந்தால் அது இன்னும் கீழேயும் தின்னும். பைக் எந்தக் குளிரிலும் தின்னும், ஆனால் நாளில் ஒரு சின்ன இடைவெளியில் மட்டும். இவை கணக்குப் போட்டு வகுத்த கோடுகள் இல்லை. ஆற்றுக்கு ஆறு ஒரு டிகிரி முன்னே பின்னே நகரும்.

இன்னொன்று, ஆற்றின் அடிநிலம் என்ன என்று பாருங்கள். ஊஸ் மேல்பகுதி களிமண் நிலத்து ஆறு. மழை பெய்தால் சட்டென்று கலங்கும், காற்று குளிர்ந்தால் சட்டென்று குளிரும். கென்னட், இச்சன், டெஸ்ட், ஹாம்ப்ஷயர் ஏவன் எல்லாம் சுண்ணப்பாறை ஊற்று ஊட்டும் ஆறுகள். அந்த ஊற்று நீர் வருடம் முழுக்க 10, 11 டிகிரியை ஒட்டியே வரும். அதனால் உறைபனி வாரத்தில் களிமண் ஆறு 4க்கு விழும்போது சுண்ண ஆற்றின் மேல்பகுதி அதைவிடச் சூடாக நிற்கும். ஊற்றிலிருந்து கீழே போகப் போக இந்த லாபம் கரைந்துவிடும்.

அளக்கும்போது கரையோரத் தேங்கலில் அளக்காதீர்கள். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஓடுகிற தண்ணீரில் இரண்டு நிமிடம் விட்டு, எடுத்தவுடன் படியுங்கள். வெயில் விழும் கரையோரம் ஒரு டிகிரி பொய் சொல்லும்.

பழைய கட்டுரைகளில் டிரென்ட் ஆற்றின் மின்நிலைய வெந்நீர் வாய்க்கால்களைப் பற்றி நிறைய வரும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். காட்டம் 2019இல் மூடியது, வெஸ்ட் பர்ட்டன் நிலக்கரி நிலையம் 2023இல், ராட்கிளிஃப் 2024 செப்டம்பரில். இன்றைக்குக் குளிர்காலச் சூடு என்றால் ஊற்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வெளியேற்றம், ஊருக்குள் இருக்கும் பாலம், படகுத்துறை இவைதான்.

---

வல்லைவெளி

குளிர்நீர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் இடத்தையும் இரையையும் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, வளைவின் உட்பக்கத் தேங்கல் வெள்ளத்துக்குத்தான் நல்லது. மட்டம் குறைந்து தெளிந்த தண்ணீரில் அது வெறும் சேறு. அந்த நேரம் மீன் தேடுவது இரண்டு விஷயம்: தலைக்கு மேல் மறைப்பு, நடை வேகத்தில் சீரான ஓட்டம். விழுந்து கிடக்கிற வில்லோக் கிளையில் சருகும் குப்பையும் சேர்ந்து கூரையாக நிற்கும் இடம், அரித்துக் குடைந்த கரை, பாலத்து நிழல், நாணல் முடிகிற இடத்தில் ஆற்றுத் தரை ஒரு அடி ஆழமாகிற இடம். மேற்பரப்பு சுழியாமல் வழுக்கிக்கொண்டு போனால் கீழே அடி சமம் என்று அர்த்தம். அங்கே போடுங்கோ.

4 டிகிரியில் சப்தான் குறி. அதுக்கு ஒரே இடத்தில் கதிரை போட்டு இருக்கக் கூடாது. ஐந்தாறு இடம் தெரிவு செய்து, முதலில் எல்லாவற்றுக்கும் இரை கொடுத்துவிட்டு, பிறகு முதலாவது இடத்துக்குத் திரும்பி வந்து தொடங்குங்கோ. ஒரு இடத்தில் 20 நிமிடம், கூடினால் 30.

இரை பாண் (ரொட்டி, பிரெட்) தான். இரண்டு விதமாகச் செய்யலாம். பழைய பாணைத் தோலோடு பத்து நிமிடம் ஆற்றுத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்து, கட்டியே இல்லாமல் கையால் மசித்தால் அது மாஷ். ஒரு இடத்துக்குத் தோடம்பழம் அளவு ஒரு உருண்டை, அவ்வளவுதான். கட்டி இருந்தால் மீன் அதைத் தின்று வயிறு நிரம்பிவிடும், முள்ளில் இருப்பதைத் தேடாது. மற்றது, தோல் நீக்கின வெள்ளைப் பாணை மிக்ஸியில் காய அரைத்த தூள். இது சின்ன ஃபீடருக்கு. தண்ணீர் பட்டவுடன் வெடித்து மேகமாகப் போகும், தின்ன ஒன்றும் மிச்சமிராது. தெளிந்த தண்ணீருக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு நாளுக்கு ஒரு பாண் போதும், அதிலும் கொஞ்சம் வீட்டுக்கு வரும்.

ராட் 11, 12 அடி ஏவன் வகை, வளையும் பலம் ஒன்றேகால் பவுண்டு. தங்கூசி (நரம்பு) 5 அல்லது 6 பவுண்டு, நேரே முள் வரை. முள் 8ஆம் எண். பாரத்துக்கு லிங்க் லெஜர்: 10 சென்ரிமீற்றர் தங்கூசித் துண்டை மெயின் தங்கூசி மேல் மடித்துப் போட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று எஸ்எஸ்ஜி அளவுக் குண்டு நெரியுங்கோ. எங்கேயும் சிக்கினால் குண்டு வழுக்கிப் போகும், மீன் போகாது. முள்ளுக்கும் லிங்குக்கும் இடையில் 30, 40 சென்ரிமீற்றர்.

புதுப் பாணின் நடுவிலிருந்து பத்துப் பென்ஸ் நாணயம் அளவு பிய்த்து, முள்ளின் தண்டில் மட்டும் இறுக்கி, ஓரத்தைப் பஞ்சாக விடுங்கோ. முழுதையும் இறுக்கினால் கல்லாகிவிடும். 15 நிமிடத்துக்கு மேல் அது முள்ளில் நிற்காது. நிற்கிறது என்று நம்பி வெறும் முள்ளோடு காத்திருப்பதுதான் கன பேருக்கு நடக்கிறது.

---

கெண்டைக்கண்

நன்றி அண்ணா. 30 கிராம் ஃபீடர் விழுகிற சத்தமும் ஒரு காரணமா? மாகட்டை முழுக்க விட்டுவிட வேண்டியதுதானா?

---

வல்லைவெளி

ஓம், ஒன்றரை மீட்டர் தெளிந்த தண்ணீரில் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் 30 கிராம் விழுந்தால் சப் அந்த இடத்தை விட்டே போய்விடும். மட்டம் குறைவான நாளில் அந்த ஓட்டத்துக்கு 5 கிராம் பாரமே நிற்கும். கீழ்நோக்கி எறிந்து, தங்கூசியைக் கொஞ்சம் வில்லாகத் தளர்த்தி விடுங்கோ. அந்த வில்லின் இழுவையும் பாரமும் சமமாகி, இன்னும் ஒரு சின்னக் குண்டைக் கழற்றினால் உருண்டுவிடும் என்ற நிலையில் இருக்க வேண்டும். அப்போது மீன் தொட்டாலே பாரம் நகர்ந்து நுனி காட்டும்.

---

தக்கைவேலு

மாகட்டை விட வேண்டாம், ஃபீடரை விடுங்கள்! அன்றைக்கு அங்கே டேஸும் ரோச்சும் இருந்திருக்கும். அவற்றைத் தேடிப் போகிறது மிதவைதான். அடியில் கிடக்கும் ஃபீடர் ஒரு புள்ளியை மட்டும் தொடுகிறது. ஓடுகிற மிதவை ஒரே வீச்சில் 15 மீட்டரைத் தேடிவிடும்.

13 அடி மிதவை ராட், சென்டர்பின் ரீல் (தடையில்லாமல் சுழலும் சக்கரம்), 3 பவுண்டு நரம்பு, 0.10 மில்லிமீட்டர் அடி நரம்பு (முள்ளைக் கட்டும் கடைசித் துண்டு), 20ஆம் எண் முள், ஒரே ஒரு சிவப்பு மாகட். நாலாம் எண் குண்டுகள் 6ஐத் தாங்கும் ஸ்டிக் மிதவை (குச்சி வடிவ மிதவை). குண்டுகளைச் சட்டைப் பொத்தான் வரிசையாகச் சம இடைவெளியில் போடுங்கள், முள்ளை நெருங்க நெருங்கச் சிறியதாக.

ஆழத்தைக் குண்டு விட்டு அளந்து, அதற்கு மேல் 15 சென்டிமீட்டர் கூட வையுங்கள். பிறகு மிதவையை ஓட்டத்தோடு விடாமல், பாதி வேகத்துக்குப் பிடித்துப் பிடித்து விடுங்கள். மேற்பரப்பு ஓட்டத்தை விட அடியோட்டம் மெதுவானது. பிடிக்காமல் விட்டால் இரை மீனின் மூக்கைத் தாண்டி ஓடிவிடும், குளிரில் அது துரத்தாது. கடி பெரும்பாலும் பிடித்து நிறுத்தி மறுபடி விடுகிற அந்தக் கணத்தில் வரும்.

இரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆறேழு மாகட், கையால். இடைவெளி விட்டு மொத்தமாகக் கொட்டக் கூடாது. எங்கே எறிவது என்று தெரிய, காலடித் தண்ணீரில் சில மாகட்டைப் போட்டு ஒரு மீட்டர் அமிழ எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். மிதவை ஐந்து மீட்டர் போக எத்தனை விநாடி என்றும் பாருங்கள். இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு மேலே எறிய வேண்டும் என்று வந்துவிடும். பெரும்பாலானவர்கள் மிதவை மேலேயே எறிகிறார்கள். அந்த மாகட் அடியைத் தொடுவது அவர்கள் தேடும் இடத்துக்கு வெகு கீழே.

மாகட் டப்பாவைப் புல்லில் வைத்தால் 2 டிகிரியில் புழு விறைத்துவிடும், நெளியாத புழுவை மீன் கண்டுகொள்ளாது. ஒரு கைப்பிடியைச் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

காற்று கீழ்நோக்கி அடித்தால் நரம்பு மிதவைக்கு முன்னால் வில்லாகப் போய் அதை இழுக்கும். மிதவைக்கு 15 சென்டிமீட்டர் மேலே எட்டாம் எண் குண்டு ஒன்று போட்டால் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் அன்றைக்கு மிதவை வேண்டாம்.

அண்ணன் சொன்ன 20 நிமிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ரோச் கூட்டம் சில நேரம் ஒரு மணி நேரத் தீனிக்குப் பிறகுதான் தின்னத் தொடங்கும்.

---

வல்லைவெளி

அது ரோச்சுக்குச் சரி. சப் பசியோடு நின்றால் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், நிற்காவிட்டால் ஒரு மணி நேரம் இருந்தும் பயன் இல்லை. எந்த மீனுக்காகப் போகிறோம் என்பதைக் கரைக்குப் போகமுதல் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து செய்தால் இரண்டும் கிடைக்காது. ஒன்றே ஒன்று: இருட்டுகிற கடைசி ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் ஆகச் சிறந்த சப் இடத்தை ஒதுக்கி வைத்து, அங்கேயே அசையாமல் இருங்கோ. தெளிந்த தண்ணீர்ச் சப் வெளிச்சம் போனபிறகுதான் மறைப்பை விட்டு வெளியே வரும். நாலு மணிக்கு மூட்டை கட்டினது அந்த நாளின் நல்ல பகுதியை விட்டுவிட்டுப் போனது மாதிரி. டிக்கெட் எத்தனை மணி வரை என்று பார்த்துக்கொள்ளுங்கோ, கிளப்புக்குக் கிளப் வேறு.

---

குளிர்நீர்

வளையத்தில் பனி பிடிப்பதற்கு வருகிறேன். இதனால்தான் நிறையப் பேர் பத்து மணிக்கே வெறுத்துப் போகிறார்கள்.

சுற்றி இழுக்கும்போது நரம்பு தண்ணீரைச் சுமந்து வருகிறது. வளையத்தில் உரசும்போது அந்தத் துளி அங்கே தங்கி உறைகிறது. எத்தனை தடவை சுற்றுகிறீர்களோ அத்தனை அடுக்கு. ஆக முதல் மருந்து, குறைவாக வீசுவது. அடுத்தது, வளையங்களில் மட்டும் உதட்டுக்குப் பூசும் மெழுகோ கிளிசரினோ மெல்லியதாகத் தடவுவது. நரம்பில் தடவக் கூடாது, வாடை முள் வரைக்கும் போகும். பின்னல் நரம்பு தண்ணீரை உறிஞ்சுவதால் குளிருக்கு ஒற்றை நைலானே நல்லது.

பிடித்துவிட்ட பனியை விரலால் உடைக்காதீர்கள். வளையத்தின் உள்பூச்சு விரிசல் விடும், பிறகு அது நரம்பை அறுக்கும். கடியைக் காட்டும் மெல்லிய குவிவர் நுனியும் முறியும். நுனியை ஆற்றுக்குள் அரை நிமிடம் முக்குங்கள். தண்ணீர் 4 டிகிரியில் இருக்கிறது, பனி தானாக விடும்.

நுனி அசையவில்லை என்கிறீர்கள். எத்தனை அவுன்ஸ் நுனி (எண் குறையக் குறைய மென்மை)? குளிர்காலக் கடி சில நேரம் மூன்று மில்லிமீட்டர்த் துடிப்பு மட்டும்தான். 2 அவுன்ஸ் நுனியில் அது தெரியாது. தெளிந்த, மெதுவான தண்ணீருக்கு 1 அவுன்ஸ் அல்லது முக்கால். நரம்பை ஆள்காட்டி விரல் மேல் போட்டுப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். மாகட் திரும்பி வரும்போது தோல் மட்டும் இருந்தால் மீன் வந்து உறிஞ்சிப் போயிருக்கிறது. அப்போது அடி நரம்பை 50இலிருந்து 80 சென்டிமீட்டராக நீட்டுங்கள்.

---

தேம்சுக்காரன்

இதற்கு நேர்மாறான நாளையும் கேட்டுவிடுகிறேன். ஆறு காப்பி நிறத்தில், இலையும் கிளையுமாகப் பாய்கிறது. ஐந்து நிமிடத்தில் நரம்பில் குப்பை சேர்ந்து பாரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அன்றைக்கும் கடி இல்லை.

---

வல்லைவெளி

மட்டம் ஏறுகிற நாளா, இறங்குகிற நாளா? அதில்தான் எல்லாம் இருக்கு. ஏறும்போதுதான் கரையில் கிடந்த குப்பை எல்லாம் மிதந்து வரும். உச்சி தாண்டி இறங்கத் தொடங்கினால் குப்பை குறையும், மீனும் தின்னத் தொடங்கும். தென்மேற்குக் காற்றோடு வந்த மிதமான மழைக்குப் பிறகு, இறங்குகிற தண்ணீர் 8 டிகிரிக்கு மேல் இருந்தால் அது குளிர்காலத்தின் ஆகச் சிறந்த பார்பல் நாள், வேலைக்கு விடுப்புப் போட்டுப் போகலாம். பனி உருகி வந்த வெள்ளமோ தலைகீழ்: நிறம் பார்க்க அதே மாதிரி, ஆனால் உருகின பனியும் வீதியில் கொட்டின உப்பும் சேர்ந்து ஆறு செத்துக் கிடக்கும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மட்டத்தை என்விரான்மென்ட் ஏஜென்சி (அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு) இணையப் பக்கத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எத்தனை மீட்டர் என்பதை விடக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கோ.

பாயும் தண்ணீரில் நடு ஆற்றுக்கு எறியத் தேவையில்லை. மீன் காலடியிலே, கரை வளைந்து ஓட்டம் தணிகிற ஓரத்தில் நிற்கும். ராட் நுனியை உயர்த்தி வைத்தால் தண்ணீருக்குள் இருக்கும் தங்கூசி குறையும், குப்பையும் குறையும். பாரம் 85 கிராமுக்கு மேல்.

கலங்கின தண்ணீரில் வாடைதான் வழி காட்டும். சீஸ் பேஸ்ட் இப்படிச் செய்யலாம்: முதிர்ந்த செடார் 200 கிராம் துருவி, நீலச் சீஸ் 50 கிராம், கடையில் விற்கும் ஷார்ட்கிரஸ்ட் பேஸ்ட்ரி மா 200 கிராம், எல்லாம் சேர்த்துப் பிசையுங்கோ. சீஸை மட்டும் உருட்டினால் குளிர்த் தண்ணீரில் கொழுப்பு இறுகிக் கல்லாகும், சுண்டி இழுக்கும்போது முள் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வராது, மீன் தப்பிவிடும். கரைக்கு வந்தவுடன் ஒரு உருண்டையை ஆற்றுத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கோ. விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் சமையல் எண்ணெய் கொஞ்சம் சேர்த்து மறுபடி பிசையுங்கோ.

வெள்ளைப் பாண் துண்டு ஒரு சாண் ஆழத்தில் தெரிந்தால் பாணே போதும். நாலு விரல் ஆழத்திலேயே மறைந்தால் பெரிய மண்புழு அல்லது பேஸ்ட்.

---

தேம்சுக்காரன்

பிடித்ததில் ஒன்றிரண்டைக் குழம்புக்கு எடுத்துப்போகலாமா? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள்.

---

நிர்வாகி

இங்கிலாந்து ஆறுகளுக்கான பொது விதி: நீரின் உரிமையாளர் அனுமதித்தால் ஒரு நாளில் 65 செ.மீ. வரையான பைக் ஒன்று, 30 முதல் 38 செ.மீ. வரையான கிரேலிங் இரண்டு, 20 செ.மீ. வரையான சப், ரோச், டேஸ், பெர்ச் போன்ற சிறுமீன் 15. விலாங்கு கிடைத்தால் உயிரோடு விட்டாக வேண்டும். கிளப் நீர்களில் பெரும்பாலும் எதையும் எடுக்க அனுமதி இல்லை, டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 13 வயது முதல் ராட் லைசன்ஸ் கட்டாயம். கிளப் டிக்கெட் அதற்கு மாற்றாகாது. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களைப் பிடிக்கத் தடை. 0.06 முதல் 28.35 கிராம் வரையான ஈயக் குண்டுக்கு 1987 முதல் தடை. பழைய டப்பாவில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

உறைபனி நாளில் மீனைப் புல்லில் கிடத்தாதீர்கள். நனைத்த பாயில் வைத்து முள்ளை எடுத்து, தலை ஓட்டத்தை எதிர்நோக்க வலைக்குள் பிடித்து, தானாக உதறிப் போகும் வரை விடாதீர்கள். உறையும் காற்றில் நீண்ட நேரம் பிடித்துப் படம் எடுத்தால் செவுள் பாதிக்கும்.

வெள்ளத்தில் கரை மூழ்கியிருந்தால் போக வேண்டாம், கரை எங்கே முடிகிறது என்று தெரியாது. கார்பன் ராட் மின்சாரம் கடத்தும், மேலே போகும் மின்கம்பியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

---

கெண்டைக்கண்

வர்ற சனிக்கிழமைக்கு முன்னறிவிப்பு: வியாழன் மழை, தென்மேற்குக் காற்று, பகலில் 10 டிகிரி. அதே கிளப் நீர். ஏவன் ராடும் பாணும் மட்டும் எடுத்துப் போகிறதாகத் திட்டம். நுனி இனி 1 அவுன்ஸ். வேறு ஏதாவது?

---

தக்கைவேலு

மிதவை ராடையும் காரில் போடுங்கள். நிறம் லேசாக இருந்து தண்ணீர் 6ஐத் தொட்டால் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ரோச் நேரம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ராடையும் விரிக்காதீர்கள்.

---

வல்லைவெளி

பாணோடு ஒரு டப்பா மண்புழுவும், கொஞ்சம் சீஸ் பேஸ்டும். களிமண் ஆறு என்றபடியால் வியாழன் மழை வெள்ளியே கலக்கிவிடும். முன்னம் சொன்ன ஐந்தாறு இடத்தில், மரக்கிளைக் கூரை உள்ள இடம் எது என்று இப்போதே குறித்து வையுங்கோ, கலங்கினபிறகு அடி தெரியாது. சனி காலை மட்டக் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் ஞாயிறுக்கு மாற்றுங்கோ. நாள் டிக்கெட்டை அப்படி மாற்றித் தருவார்களா என்று வாங்கமுதல் கிளப்பில் கேளுங்கோ.